மூன்று கிலோ இழுப்பு

தம்பிராஜா அண்ணையின் மேசை லாச்சிக்குள் ஒரு கொக்கித் தராசு இருந்தது. கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் மீன் நிறுப்பவர்கள் கையில் தொங்குமே, அந்த மாதிரி. பித்தளை முகம், கீழே ஒரு கொக்கி, மேலே ஒரு வளையம். அதை அவர் சந்தையில்தான் வாங்கினார். வாங்கி வந்த அன்றே ஆய்வுகூடத்திலிருந்த நியம நிறைகளைத் தொங்கவிட்டுப் பார்த்து, ஒரு கிலோவுக்கு இருபது கிராம் கூடக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதன் முதுகில் சிவப்பு மையால் எழுதி வைத்தார்.

"மீன்காரன் எங்களை ஏமாத்தினது இருபது கிராம்தான் பிள்ளை. நாங்கள் அவனை எவ்வளவு சந்தேகப்பட்டம்" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவர். எழுபத்துநான்கில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுகூட உதவியாளராக வந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தராக உயர்ந்து, அதே கட்டடத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு கூட இருந்தவர்கள் பலர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் போகவில்லை. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் இரண்டு நாள் இரசாயனக் களஞ்சியத்துக்குள் இருந்தார். சிங்களவரான களஞ்சியப் பொறுப்பாளர் வெளியே பூட்டி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தமிழரைத் தேடி வந்தவர்களிடம் உள்ளே ஒருவருமில்லை என்று சத்தியம் செய்தார். வெளியே வந்ததும் அண்ணை முதலில் செய்தது அமிலப் புகையில் தராசுகள் பழுதாகியிருக்கின்றனவா என்று பார்த்ததுதான் என்று ஆய்வுகூடத்தில் ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

குண்டசாலையில் வீடு. மனைவி சத்தியபாமா. பிள்ளைகள் இல்லை. காலை ஏழு மணி பஸ், மத்தியானம் பிட்டு, பின்னேரம் கொப்பி எழுதி முடித்த பிறகுதான் எழும்புவார். எந்த அளவீட்டையும் கடதாசித் துண்டில் எழுத விடமாட்டார். நீல மட்டை சி.ஆர். கொப்பி ஒன்று, அதில் கோடு கிழித்த நிரல்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் யார் செய்தது, எத்தனை மணி, என்ன கருவி. பிழைத்துப்போனால் அழிக்கக்கூடாது. ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு நான் ஆய்வு மாணவியாக அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஓடுகிறவனின் கால் நிலத்தில் விழும்போது எவ்வளவு விசையோடு விழுகிறது என்பது என் ஆய்வு. அதைச் சரியாக அளக்க நிலத்தில் பதித்த விசைத்தட்டு வேண்டும். அண்ணை ஒன்றைச் செய்து கூடத்தின் நடுவே பதித்திருந்தார். ஆனால் தட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகமுடியாது. அந்த நாட்களில் அதிர்வை அளக்கும் நகத்தளவு மின்னணுச் சில்லுகள் மலிவாக வரத் தொடங்கியிருந்தன. ஒரு சிறு அலுமினியத் தகட்டில் ஒட்டி, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின்மேல் பட்டியால் கட்டிவிட்டால், ஒவ்வொரு அடியிலும் கால் எவ்வளவு அதிர்கிறது என்று அது சொல்லும். சொல்வது எவ்வளவு உண்மை, தட்டு சொல்வதோடு ஒத்துவருகிறதா என்பதுதான் கேள்வி.

முதல் மாதத்திலேயே விடையின் பாதி தெரிந்துவிட்டது. கால் எப்போது விழுகிறது என்பதைச் சில்லு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குச் சரியாகச் சொன்னது. எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதில்தான் தடுமாறியது. காரணம் சில்லு அல்ல, பட்டி. தளர்ந்திருந்தால் சில்லு எலும்போடு போகாமல் தோலோடு சேர்ந்து குலுங்கும். அதே மனிதன், அதே நடை, பட்டியை இரண்டு விரல் தளர்த்தினால் முப்பத்தைந்து வீதம்வரை கூடக் காட்டியது.

அதற்காகத்தான் அந்தக் கொக்கித் தராசு. அண்ணை ஓட்டக்காரனை மர வாங்கில் இருத்தி, அவன் காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்து, பட்டியின் நுனியைக் கொக்கியில் மாட்டி, மூன்று கிலோ காட்டும்வரை இழுத்து, பிறகு பூட்டுவார். இருவருக்கும் சங்கடமான வேலை. பல்கலைக்கழக அணியிலிருந்து வந்த பத்துப் பெடியன்களும் சிரித்துக்கொண்டு கால் நீட்டினார்கள். கொப்பியில் 'கட்டியவர்' என்ற நிரலில் ஒவ்வொரு முறையும் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்: த.

பதினோராவது ஆளாக வந்தவன் அழகர்.

அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கண்டி மாநகரசபையில் தண்ணீர் மீற்றர் வாசிப்பவன். மஹியாவவில் சபைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் மனைவி யசோதாவோடும் தாயோடும் இருந்தான். தகப்பன் சாகும்வரை நகரத்தின் மலக்குழிகளைச் சுத்தம் செய்தவர். சபை விளையாட்டுப் போட்டியில் பத்தாயிரம் மீற்றரில் நாலு வருடம் தொடர்ந்து முதலாவதாக வந்திருந்தான். எங்கள் பெடியன்கள் ஒருவராலும் அவன் வேகத்துக்கு ஓட முடியாது.

"யார் பழக்கினது?" என்று கேட்டேன்.

"நாய்ங்க மிஸ்" என்றான். "மீட்டர் எல்லாம் கேட்டுக்கு உள்ளாறதான வைக்கிறாங்க. கட்டுகலையில ஒரு கறுப்பு நாய் இருக்கு, அதுதான் நம்ம கோச்."

அவன் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். ஒவ்வொரு ஒழுங்கையும் பென்சிலால் வரையப்பட்டிருந்தது. வீட்டுக்கு வீடு இலக்கம், மீற்றர் இருக்கும் மூலை, நாய் இருந்தால் ஒரு சிலுவைக்குறி, கடிக்கிற நாயானால் இரண்டு. அண்ணை அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கொப்பியை மெச்ச அவரைவிடத் தகுந்தவர் இல்லை.

"நல்ல வேலை. திகதி மட்டும் போடேல்லை" என்றார்.

பிறகு அழகர் வாங்கில் இருந்தான். அண்ணை பட்டியோடு குனிந்தார். தராசு வலக்கையில். இடக்கை அழகரின் குதிக்காலைத் தூக்குவதற்காக நீண்டு, பாதி வழியில் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு வினாடிகூட இராது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. அழகர் முகத்திலும் ஒன்றுமில்லை.

"குடுங்க ஐயா" என்றான் அழகர். "நானே கட்டிக்கிறேன்."

அண்ணை பட்டியைக் கொடுத்தார். தராசை மேசையில் வைத்தார். கொப்பியில், கட்டியவர் என்ற இடத்தில், 'தானே' என்று எழுதினார்.

அந்த ஆண்டு அழகர் பன்னிரண்டு தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் நிற்கவைத்து, பிறகு கூடத்தின் நீளத்துக்கு நடக்கவைத்து, அதற்குப் பிறகே ஓடவிடுவது அண்ணையின் ஒழுங்கு. நிற்கத் தெரியாத கருவியை ஓடவிட்டு என்ன பயன் என்பார். ஆகவே அழகரின் நடையும் ஓட்டமும் கொப்பியில் இருந்தன. பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு 'தானே'. நான் அதைப் பார்த்தேன். அவனுடைய ஓட்டங்கள் என் வரைபடத்தில் மிக உயரத்தில் இருந்த புள்ளிகள். அவை எனக்குத் தேவையாக இருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் போர் திரும்பவும் மூண்டிருந்தது. கண்டியில் தமிழ்ப் பெயருள்ளவர்களை வீதியில் நிறுத்தி விசாரிப்பது தினசரி வழக்கமாகியது. ஒரு காலை அழகரைத் தடுத்தவர்கள் அவன் பையில் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டார்கள். ஒழுங்கைகளின் வரைபடம். வீடுகளின்மேல் சிலுவைக்குறிகள். அதில் ஒன்று ஒரு இராணுவ அதிகாரியின் வீடு. இரண்டு சிலுவை.

பிடித்துக்கொண்டு போன பதினெட்டாம் நாள் அவன் சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தான். அவனுக்குச் சிங்களம் கதைக்க நன்றாக வரும், வாசிக்க வராது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அப்படியொரு வாக்குமூலமே போதும். அடித்து வாங்கியது என்றால், அடித்தார்கள் என்று அவனேதான் நிரூபிக்கவேண்டும். பாதங்களில் தடியால் அடித்திருக்கிறார்கள், இடது பாதத்தில் அதிகம். பார்த்த முதல் வைத்தியர் 'வெளிக்காயம் இல்லை' என்று எழுதிவிட்டார்.

யசோதா எங்களைத் தேடி ஆய்வுகூடத்துக்கு வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். கதிரையில் இருக்கச் சொன்னோம், நின்றபடியே கதைத்தாள்.

"அவரு கால்ல மெஷின் கட்டி ஓடவிட்டீங்களாமே. அந்தக் கணக்கெல்லாம் இருக்குங்களா? கால் நல்லா இருந்திச்சின்னு அதுல இருக்கும்ல?"

வழக்கறிஞர் செசிலியாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். செசிலியா கண்டியிலேயே வளர்ந்தவர், குறைந்த பேச்சு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"கைதுக்கு முதல் அவர் நடந்த அளவு இருக்கு. இப்ப திரும்ப அளந்தால்?"

"இடது பாதம் பழுதாகியிருந்தால் அந்தக் காலை மெதுவாக வைப்பார். வித்தியாசம் தெரியும்."

"அப்ப அளப்பம்" என்றார்.

நீதிமன்றத்தின் அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் சென்றது. அதற்குள் யசோதாவுக்குப் பெண்குழந்தை பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தது. விசைத்தட்டைக் கழற்றிக்கொண்டு போகமுடியாது, சில்லை மட்டும்தான் கொண்டுபோகலாம். வைத்தியசாலையின் நீண்ட விறாந்தையில், ஒரு விசேட வைத்தியரின் முன்னிலையில், அழகரைக் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தான். வலது கை ஒரு காவலரின் கையோடு விலங்கிடப்பட்டிருந்தது.

அண்ணை பட்டியை எடுத்தார். அழகர் இடக்கையை நீட்டினான்.

"குடுங்க ஐயா."

"ஒரு கையால கட்டேலாது" என்றார் அண்ணை.

விறாந்தைச் சீமெந்தில் முழங்காலிட்டார். அழகரின் இடது குதிக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தொடைமேல் வைத்தார். பாதம் ஒரு பக்கம் தடித்து, கறுத்து, விரல்கள் கீழ்நோக்கி மடிந்திருந்தன. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொக்கியை மாட்டி மூன்று கிலோவுக்கு இழுத்தார். பட்டி இறுகியதும் அழகரின் தொடை நடுங்கியது.

"நோகுதோ?"

"பரவால்லீங்க."

"நோகுதெண்டால் சொல்லு. ஆனால் தளர்த்தேலாது."

"தளத்த வேணாம் ஐயா" என்றான் அழகர்.

இருபது மீற்றர், ஆறு தடவை. காவலர் பக்கத்தில் நடந்தார். இடது கால் வலதைவிட முப்பத்தெட்டு வீதம் மெதுவாக விழுந்தது. ஆறு தடவையும் ஏறத்தாழ அதே எண். பழைய கொப்பியில் பன்னிரண்டு நாளின் சராசரி எடுத்தால் இரண்டு கால்களுக்கும் நாலு வீத வித்தியாசம்தான். செசிலியா அந்த இரண்டு எண்களையும் ஒரு கடதாசியில் பெரிதாக எழுதினார். முதன்முறையாக அவர் சிரித்ததைக் கண்டேன்.

கொப்பியை முழுமையாக வாசித்தபோது சிரிப்பு நின்றது.

"மிஸ்டர் தம்பிராஜா, மற்ற எல்லாருக்கும் 'த' எண்டு இருக்கு. இவருக்கு மட்டும் ஏன் 'தானே'?"

நான் சொன்னேன், "அழகர்தான் கேட்டார், தானே கட்டுறன் எண்டு."

"நல்லது. அதைத்தான் கேட்பினம். இப்பிடிச் சொல்லுங்கோ: அவர் அனுபவமுள்ள ஓட்டக்காரர், தானே கட்டக் கேட்டார், நான் சரிபார்த்தேன். இவ்வளவும் போதும்."

"நான் சரிபார்க்கேல்லை" என்றார் அண்ணை.

"பார்த்தீங்கள்தானே. கண்ணால."

"கண்ணால பார்க்கிறதுக்கோ நான் தராசு வாங்கினனான்?"

"சரி, முதல் பாதியாவது உண்மைதானே? அவர் கேட்டவர்."

"அவன் கேட்டவன்" என்றார் அண்ணை. "என்ர கை நிண்டதைக் கண்டுபோட்டுக் கேட்டவன்."

செசிலியாவுக்கு விளங்க ஒரு கணம் சென்றது. விளங்கியதும் கொப்பியை மூடினார். "ஒரு மனிசன் பத்துப் பன்னிரண்டு வருசம் உள்ள போகப்போறார்" என்றார். "யோசியுங்கோ."

அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளும் அண்ணை ஆய்வுகூடத்திலேயே இருந்தார். அழகரின் பழைய பதிவுகளை ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பார்த்தார். சராசரியில் நாலு வீதமாக இருந்தது தனித்தனி நாளில் அப்படியில்லை. ஒருநாள் இடது இருபது கூட, ஒருநாள் வலது இருபத்தைந்து கூட. கட்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்திருக்கிறது. சராசரியில் ஒன்றையொன்று தின்று நாலாக நின்றது தற்செயல்.

வீட்டில் சத்தியபாமா அக்கா அவரோடு சண்டை பிடித்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். "உங்கட நேர்மைக்கு அந்த யசோதாப் பெட்டைதான் விலை குடுக்கப்போகுது. முப்பது வருசமா ஒரு நாளும் பஸ்ஸுக்குப் பிந்தாத மனிசன், இந்த ஒரு பொய்யையும் நேரத்துக்குச் சொன்னால் என்ன?" என்று கேட்டாராம். அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாராம்.

இரண்டாயிரத்து எட்டு ஜூலையில் சாட்சி. அண்ணைக்கு ஆங்கிலமும் சிங்களமும் சரளம். ஆனால் தமிழில் சாட்சி சொல்வதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியின் கூண்டுக்குள் அழகர். யசோதா பின்வரிசை வாங்கில் குழந்தையோடு.

அரச சட்டத்தரணி கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"பட்டி தளர்ந்திருந்தால் எவ்வளவு பிழை வரும்?"

"முப்பத்தைந்து வீதம்வரை."

"மற்றப் பத்துப் பேருக்கும் நீங்கள் கட்டினீர்கள். இந்த எதிரிக்குக் கட்டவில்லை?"

"இல்லை."

"ஏன்?"

செசிலியா எழுந்தார். நீதிபதி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, சாட்சி பதில் சொல்லலாம் என்றார்.

அண்ணை கூண்டைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மரச்சட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவற்ற தகப்பன் கக்கூஸ் துப்புரவாக்கினவர். நான் அவற்ற காலைத் தொட விரும்பேல்லை."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு சிங்களத்தில் சொன்னார். அழகருக்கு இரண்டு மொழியும் தெரியும். இரண்டு தடவை கேட்டான்.

"ஆகவே கைதுக்கு முன் இவருடைய இடது கால் எப்படி இருந்தது என்று இந்தக் கொப்பியை வைத்து உங்களால் சொல்லமுடியாது."

"அவர் ஓடினதை நான் கண்ணால கண்டனான். எங்களிட்ட வந்தவர்களில ஆகத் திறமாய் ஓடினவர் அவர்."

"அளவீடுகளைக் கேட்கிறேன்."

"அளவீட்டை வைச்சுச் சொல்லேலாது."

வாக்குமூலம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒக்டோபரில் பதினோரு வருடம் தீர்ப்பானது. நீதிமன்றப் படியில் யசோதா எங்களைக் கடந்து போனாள். குழந்தை அண்ணையின் மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவள் அதன் கையை மெதுவாக இறக்கி மடித்து வைத்தாள்.

என் ஆய்வறிக்கையிலிருந்து அழகரின் பன்னிரண்டு பக்கங்களையும் எடுக்கவேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். எடுத்தேன். ஏன் எடுக்கப்பட்டது என்ற அடிக்குறிப்பை அவரே எழுதித் தந்தார்: 'தொழில்நுட்ப உத்தியோகத்தரின் தவறு காரணமாக.' எந்தத் தவறு என்று அதில் இல்லை. நானும் எழுதவில்லை.

நவம்பர் மாதப் பார்வை நாளில் அவர் சிறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு அடுக்குக் கம்பிவலை, நடுவே ஒரு முழம் இடைவெளி. எல்லாரும் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அழகர் வந்து நின்றான். வலது காலில்தான் முழுப்பாரமும்.

"கால் எப்படி?" என்று கேட்டார் அண்ணை.

"இருக்குங்க."

"அண்டைக்கு நான் கோட்டில..."

"விடுங்க ஐயா. எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சிதான் கேட்டு வாங்கினேன். இது ஒண்ணும் நமக்குப் புதுசு இல்லீங்களே." வலைக்குக் கிட்ட வந்தான். "பட்டி தளந்தா முப்பத்தஞ்சுன்னு நீங்க சொன்ன நம்பர் சரிதானா?"

"சரிதான்."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு நாய்களைப் பற்றிக் கதைத்தான். கட்டுகலைக் கறுப்பு நாய் செத்துவிட்டதாம், யசோதா சொன்னாளாம். மணி அடித்ததும் திரும்பி நொண்டி நொண்டிப் போனான். அண்ணை அந்த நடையை வலைக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய உதடு அசைந்தது. அடிகளை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பரில் அழகர் வலைக்கு வரவில்லை. "வர விருப்பமில்லையாம்" என்றார் காவலர். சவர்க்காரமும் பிஸ்கட்டும் கொண்ட பொதியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஜனவரியிலும் அப்படித்தான். அண்ணை பார்வை நேரம் முடியும்வரை வாங்கில் இருந்துவிட்டு, குண்டசாலை பஸ் எடுத்தார். அந்த மாதங்களில், போர் நடந்த வன்னியில் அவருடைய தங்கை குடும்பத்திடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அதைப் பற்றியும் அவர் கதைக்கவில்லை.

பெப்ரவரி பதினாறாம் திகதி காலை, பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. அவரைச் சுமந்து முச்சக்கரவண்டியில் ஏற்றியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.

நேற்று சத்தியபாமா அக்கா அவருடைய லாச்சிப் பொருட்களை ஒரு பையில் போட்டு என்னிடம் தந்தார். கொக்கித் தராசு, நீலக் கொப்பி, ஒரு சவர்க்காரக்கட்டி. சவர்க்காரம் இந்த மாதத்துக்கு வாங்கி வைத்தது. அழகரின் பன்னிரண்டு பக்கங்களிலும் 'தானே' என்ற சொல் ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்து, திகதி, நீதிமன்றத்துக்கு மறுநாள். வெட்டிய சொல்லுக்குப் பதிலாக எழுதவேண்டியதை அவர் எழுதவில்லை. பன்னிரண்டு இடங்களும் வெறுமையாக இருக்கின்றன.

நாளைக்குப் பார்வை நாள். சவர்க்காரத்தோடு ஒரு பிஸ்கட் பைக்கற்றும் வைத்திருக்கிறேன். அண்ணை இறந்ததை அழகருக்கு யாரும் சொல்லவில்லை என்று யசோதா சொல்லியனுப்பினாள், சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள் என்றும். அவன் வலைக்கு வந்தால் சொல்லவேண்டும். வராவிட்டால் பொதியைக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்வரை அந்த வாங்கில் இருக்கவேண்டும்.